சராசரிக்குள் மறையும் தெருக்கள்

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் சென்னை கே.கே. நகர் வீடுகளில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, "எந்த ஊர்ப்பா? நல்ல ஊர்தானே?" என்பது. போன பிள்ளைகளும் வீடு பார்க்கும்போது முதலில் விசாரிப்பது அதைத்தான். எந்த மாநிலம், பள்ளிக்கூடம் எப்படி, அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள். நாலைந்து வருடத்தில் ஒரு முடிவு மனதில் படிந்துவிடுகிறது. கறுப்பின மக்கள் அதிகமுள்ள இடங்கள் பின்தங்கியிருக்கும், வெள்ளையரும் ஆசியரும் அதிகமுள்ள இடங்கள் நன்றாக இருக்கும் என்பது அந்த முடிவு. லீவுக்கு ஊருக்கு வரும்போது இதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள், ஏனென்றால் இதே முடிவு இங்கே வேறு சொற்களில் ஏற்கெனவே இருக்கிறது. "அந்தப் பக்கம் வேணாம் சார், ஏரியா ஒரு மாதிரி" என்று வீட்டுத் தரகர் சொன்னால், என்ன மாதிரி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இந்த முடிவு தவறானது. ஆனால் எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் சரி என்றே தோன்றும். அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். மிசிசிப்பி மாநிலத்தில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கறுப்பின மக்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே சராசரி ஆயுள் 71.9 ஆண்டு. நாட்டிலேயே மிகக் குறைவு. ஆசிய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஹவாயில் 80.7. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் இனம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று எழுதிவிடலாம். ஆனால் அதே பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருப்பது மேற்கு வர்ஜீனியா. அங்கே ஆயுள் 72.8. அந்த மாநிலத்தில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேர் வெள்ளையர்கள். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பியிருந்த ஊர்கள், சுரங்க வேலை குறைந்ததும் வேலையில்லாமல், வலி மாத்திரைப் பழக்கத்தில் சிக்கி, ஆளை இழந்தன. இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வருமானத்தில் வெள்ளையரைவிடக் கீழே இருப்பவர்கள். 2019-இல் அவர்களுடைய சராசரி ஆயுள் 81.9, வெள்ளையருடையது 78.8. ஆக, மேனியின் நிறத்தை வைத்து ஆயுளைக் கணிக்க முடியவில்லை.

அப்படியானால் கறுப்பின மக்களின் ஆயுள் ஏன் அதே ஆண்டில் 75-ஐக்கூடத் தொடவில்லை? அதற்குக் காரணம் தேட வேண்டிய இடம் வீட்டுக் கடன் வரைபடங்கள். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று நகரங்களைத் தெருத் தெருவாகப் பிரித்து, எங்கே கடன் கொடுப்பது பாதுகாப்பு, எங்கே ஆபத்து என்று வண்ணம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. சிவப்புப் பகுதிக்குக் கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லையென்றால் சொந்த வீடு இல்லை, வீட்டு மதிப்பு உயர்வதும் இல்லை. அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கூடத்துக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு குறைந்த இடத்தில் பள்ளிக்குப் பணம் குறையும். 1968-இல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை சொந்த வீடில்லாமல் வளர்ந்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றது. நிறத்தைப் பார்த்து ஒதுக்கியவர்கள் எடுத்த முடிவு, எண்பது ஆண்டு கழித்து அந்த நிறத்தின் குணம்போலப் புள்ளிவிவரத்தில் தெரிகிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நிறத்தின் இடத்தில் சாதி.

மாநிலங்களை வரிசைப்படுத்தினால் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். 2016 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவின் சராசரி ஆயுள் 70. கேரளத்தில் 75, தமிழ்நாட்டில் 73.2, சத்தீஸ்கரில் 65.1. 2020-இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை நாடு முழுவதும் 28, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. சத்தீஸ்கரில் மக்கள்தொகையில் சுமார் 31 சதவீதம் பழங்குடியினர். "பழங்குடி மக்கள் அதிகம், அதான்" என்று உடனே சொல்லத் தோன்றுகிறதா? மிசோரத்தைப் பாருங்கள். அங்கே 94 சதவீதம் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல், நாட்டில் கேரளம், லட்சத்தீவுக்கு அடுத்த இடம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 சதவீதம். முன்னேறிய மாநிலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில், இந்தியப் பழங்குடியினரின் சராசரியான 59 சதவீதத்தைவிடக் குறைவு.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 80.1 சதவீதம். பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 20 சதவீதம். அவர்களுடைய எழுத்தறிவு 73.3. பழங்குடியினர் 1.1 சதவீதம், அவர்களுடையது 54.3. நாளைக் காலையில் தமிழ்நாட்டின் பழங்குடிக் குழந்தைகள், தாய்மார்கள், பாட்டிமார்கள் எல்லோரும் எழுதப் படிக்கக் கற்றுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் சராசரி எவ்வளவு உயரும்? வெறும் அரை சதவீதம். ஒருவருமே கற்காவிட்டாலும் சராசரிக்கு ஒன்றும் ஆகாது. கிட்டத்தட்ட 8 லட்சம் மனிதர்களின் வாழ்வு தசமப் புள்ளிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்யும் இருளர் குடும்பங்கள், பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். அவர்களை நினைக்காமல் மாநில சராசரியைப் படித்து மகிழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பஞ்சாப் இதற்கு வேறு மாதிரி உதாரணம். இந்தியாவில் பட்டியல் சாதியினர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் அது, 31.9 சதவீதம். வளமான மாநிலம் என்றும் பெயர். ஆனால் விவசாய நிலத்தில் 5 சதவீதம்கூட அவர்கள் கையில் இல்லை. பசுமைப் புரட்சியின் பலன் நிலம் வைத்திருந்தவர்களுக்குப் போனது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் கூலிக்காரர்களாகவே இருந்தார்கள். மாநிலத்தின் வளம் ஒரு வீட்டு வாசல் வரை வருகிறதா என்பதை அந்த வீட்டுப் பெயரில் என்ன பத்திரம் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

பத்திரம் என்றதும் கே.கே. நகருக்கே திரும்பலாம். கலைஞர் கருணாநிதி நகர், 1970-களில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய பகுதி. அசோக் நகருக்கு அடுத்ததாகத் திட்டம் போட்டுக் கட்டப்பட்டது. நேர்நேரான தெருக்கள், பிரிவு வாரியாக மனைகள், பள்ளிக்கும் பூங்காவுக்கும் இடம், இ.எஸ்.ஐ. மருத்துவமனை. பி.டி. ராஜன் சாலை, லட்சுமணசாமி சாலை, ராஜமன்னார் சாலை என்று பிரமுகர்களின் பெயர்கள். வீடுகள் எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்தின்படி பிரிக்கப்பட்டன, இன்றும் பழைய குடியிருப்பாளர்கள் வீட்டு அடையாளம் சொல்லும்போது "எம்.ஐ.ஜி. பிளாட்" என்றுதான் சொல்வார்கள். விண்ணப்பப் படிவத்தில் வருமானம் கேட்டார்கள். சாதி பார்த்து வீடு மறுத்ததாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் படிவத்தை யாரால் நிரப்ப முடிந்தது? மாதச் சம்பளம் வாங்கியவர், சம்பளச் சான்று கொடுக்க முடிந்தவர், முன்பணம் கட்டி மாதத் தவணையும் கட்டக்கூடியவர். அன்றைக்கு அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ அப்படி ஒரு வேலையில் இருந்தவர் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போன தகப்பனுக்குப் பிள்ளை. பள்ளிக்கூடம் போன தகப்பன் எந்தச் சாதிகளில் அதிகம் என்பது நமக்கு எல்லோருக்கும் தெரியும். ஒதுக்கீட்டு ஆணை வாங்கிய குமாஸ்தா குடும்பம், தவணை கட்டி முடித்து, விற்பனைப் பத்திரம் வாங்கி, மாடி கட்டி, மாடியை வாடகைக்கு விட்டு, பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. அந்தப் பிள்ளைதான் இன்று டெக்சாஸில் நல்ல பள்ளி வட்டாரம் தேடுகிறது. இதில் அந்தக் குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது, குறையே சொல்ல முடியாது. உழைப்புக்கு அடியில் ஒரு பத்திரமும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கே.கே. நகரின் எல்லையைத் தாண்டினால் எம்.ஜி.ஆர். நகர், நெசப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, அதற்கப்பால் அடையாற்று ஆறு. நடந்துபோகும் தூரம். எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட்டில் காய்கறி வாங்காத கே.கே. நகர் குடும்பம் குறைவு. நெசப்பாக்கத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நல்ல தெருக்களின் கழிவெல்லாம் அங்கேதான் போகிறது. வாரியம் கட்டிய நகரில் சாலையும் குழாயும் முதலில் வந்தன, ஆட்கள் பிறகு வந்தார்கள். ஆற்றங்கரைக் குடிசைப் பகுதிகளில் ஆட்கள் முதலில் வந்தார்கள். கட்டிட வேலைக்கும், வீட்டு வேலைக்கும், மூட்டை தூக்கவும் நகரத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். குழாய்க்கும் பட்டாவுக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள், பலருக்குப் பட்டா வரவே இல்லை.

2005 டிசம்பர் 18-ஆம் தேதி அதிகாலை, எம்.ஜி.ஆர். நகரில் உள்ள மாநகராட்சிப் பள்ளி வாசலில் வெள்ள நிவாரண டோக்கனுக்காகக் கூட்டம் திரண்டது. மழை பெய்தது, கதவருகே நெரிசல் ஏற்பட்டது, 42 பேர் மிதிபட்டு இறந்தார்கள். அந்த ஆண்டு மழை கே.கே. நகரிலும்தான் கொட்டியது. ஆனால் ஒரு டோக்கனுக்காக விடிவதற்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டிய நிலை யாருக்கு இருந்தது என்பதை அந்தப் பள்ளி வாசல் காட்டிவிட்டது. ஒரே பின்கோடு எண்ணைச் சுற்றி வாழ்பவர்களுக்கு நடுவே ஆயுளை இப்படிக்கூடப் பிரிக்க முடியும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே 20,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். முன்பு குடிசை மாற்று வாரியம் என்று 1970-இல் தொடங்கப்பட்டு, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டியவை அவை. அதற்கும் முன்னால் இதேபோல் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது உண்மை. ஆனால் கே.கே. நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண், விடியற்காலை பஸ் ஏறி இருபது கிலோமீட்டருக்கு மேல் வந்து திரும்ப வேண்டும்; அந்தச் செலவையும் நேரத்தையும் கழித்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? பலர் வேலையை விட்டார்கள். வேலைக்கு மனுப்போடும் இளைஞர்கள், முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தாலே ஒதுக்கப்படுவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா அதே கண்ணகி நகர்ப் பெண். அந்தப் பெயரை நாடு முழுவதும் மரியாதையோடு சொன்னார்கள். ஒரு பகுதியின் பெயர் மரியாதை பெற ஒரு பெண் தங்கம் வென்றுவர வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் ஏழ்மைதானே, சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் பதில் தேடியிருக்கிறார்கள். த்ரீனா விதயத்தில், காயத்ரி சிங் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை உட்பட நாட்டின் ஏழு பெருநகரங்களின் வார்டு விவரங்களை அலசியது. பணக்காரர், ஏழை என்ற பிரிவைவிடச் சாதிப் பிரிவே குடியிருப்புகளை அதிகமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது அதன் முடிவு. அஞ்சலி அடுகியா, சாம் ஆஷர், பால் நொவோசாட் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் இந்தியா முழுவதும் 15 லட்சம் சுற்றுப்புறங்களைப் பார்த்தார்கள். பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் ஒதுங்கி வாழும் அளவு, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டிருக்கும் அளவுக்கு அருகில் வருகிறது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, குடிநீர் போன்றவை இந்தச் சுற்றுப்புறங்களில் குறைவு. இதில் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. இந்தக் குறைவு மாவட்டத்துக்கு மாவட்டம் பார்த்தால் தெரியவில்லை. ஒரே நகரத்துக்குள் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே பார்த்தால்தான் தெரிகிறது. மாநிலப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரம் வருடம் பேசினாலும் இது கண்ணில் படாது.

ஆயுளைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா மூவரும் 2022-இல் வெளியிட்டது. உத்தரப் பிரதேசம், பீகார் உட்பட ஒன்பது மாநிலங்களில் 2 கோடிப் பேருக்கு மேல் விவரம் சேகரிக்கப்பட்ட கணக்கெடுப்பை வைத்துச் செய்தது. தமிழ்நாடு அதில் இல்லை. உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிட்டால் பழங்குடியினரின் ஆயுள் 4 ஆண்டுக்கு மேல் குறைவு, தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுக்கு மேல் குறைவு, முஸ்லிம்களுடையது ஏறத்தாழ 1 ஆண்டு குறைவு. வீட்டின் பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. ஏழ்மை மட்டுமே காரணமாக இருந்தால் அந்தப் பாதி மறைந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு மாநிலப் பட்டியலில் மேலே நிற்பதற்கும் காரணம் இருக்கிறது, அது மண்ணின் மகிமை கிடையாது. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் தொடங்கிய மதிய உணவு, 1950-களில் காமராஜர் காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள், செவிலியர்கள், மருந்து வாங்கி விநியோகிக்கும் அரசுக் கழகம், கல்வியிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு. இவை எல்லாம் ஆட்சி மாறினாலும் நிற்காமல் ஓடியதால் குழந்தைகள் பிழைத்தார்கள், பெண்கள் படித்தார்கள், குடும்பம் சிறியதாயிற்று. சமூகக் கலவை அன்றைக்கு இருந்தது போலத்தான் இன்றும் இருக்கிறது. மாறியது அரசு என்ன செய்தது என்பதுதான். அதே அரசால் எட்ட முடியாத இடங்களும் இருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தொட்டி கட்டியதும் குழாய் போட்டதும் அரசின் கணக்கில் சாதனையாகவே இருக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சுத் திணறி இறந்தவர்களின் எண்ணிக்கையில், 1993 முதல் பதிவானவற்றை வைத்துப் பார்த்தால், தமிழ்நாடு முதல் வரிசையில் நிற்கிறது. இறந்தவர்கள் எந்தச் சமூகத்தினர் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாடகை விஷயத்தையும் விடக்கூடாது. கே.கே. நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் "வெஜிடேரியன்கள் மட்டும்" என்ற நிபந்தனை இன்றும் சகஜம். வீட்டுக்காரர் தன் பழக்கத்தைச் சொல்வதாக நினைக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பான்மையோர் கறி, மீன் சாப்பிடுபவர்கள். அந்த ஒற்றை வரி ஒரு தெருவுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல தெருவில் வீடு கிடைத்தால் நல்ல பள்ளி பக்கத்தில் கிடைக்கும், விளக்கு எரியும், மழைத் தண்ணீர் வடியும், இரவில் மகள் பயமில்லாமல் நடந்து வருவாள். வீட்டுச் சாவியோடு இவை எல்லாம் சேர்ந்துதான் கைமாறுகின்றன.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். 1931-க்குப் பிறகு முதல்முறையாக, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் கணக்கிடப்படும் என்று மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. 2027 மார்ச் 1 அதன் கணக்கு நாள். 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரம் வெளியிடப்படாமலே போயிற்று. பீகார் 2023-இல் தன் கணக்கை வெளியிட்டபோது, மாதம் 6,000 ரூபாய் அல்லது அதற்கும் குறைவான வருமானத்தில் வாழும் குடும்பங்கள் பட்டியல் சாதியினரில் 43 சதவீதம், பொதுப் பிரிவினரில் 25 சதவீதம் என்பது தெரிந்தது. பொதுப் பிரிவிலும் நாலில் ஒரு குடும்பம் அந்த நிலையில் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் எல்லாத் தரப்பு ஏழைகளும் கண்ணில் படுகிறார்கள்.

கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது கேட்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர், வாட்ச்மேன் குடும்பம், கட்டிட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாக்காரர்கள் ஆகியோரும் கணக்கில் வந்தார்களா என்று கேளுங்கள். கணக்கு முடிந்ததும் மாநில சராசரியோடு நிறுத்தாமல், வார்டு வாரியாக, தெரு வாரியாகக் குடிநீர், கழிப்பறை, பள்ளி விவரத்தை வெளியிடச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பகுதி சபைக் கூட்டத்திலேயே கோரிக்கை வையுங்கள். கே.கே. நகருக்கு ஒரு எண், எம்.ஜி.ஆர். நகருக்கு ஒரு எண், பெரும்பாக்கத்துக்கு ஒரு எண் என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாக வேண்டும்.